7 மாதப் பையனுக்கு மாஸ்டோசைட்டோசிஸ்: எண்ணெய்க் குளியல், தடுப்பூசி, காய்ச்சல் மருந்து

கடலூர்_அம்மா:
பையனுக்கு 7 மாசம், 8 கிலோ. முதுகு, வயிறு எல்லாம் காபித்தூள் நிறத்துல முப்பது புள்ளிக்கு மேல. துண்டால துடைச்சா அந்தப் புள்ளி மட்டும் சிவந்து, கொசு கடிச்ச மாதிரி தடிக்குது. தோல் டாக்டர் ‘அர்ட்டிகேரியா பிக்மென்டோசா’ன்னு சொல்லி செட்ரிசின் சிரப் எழுதியிருக்காங்க. எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டலாமா? 9-ம் மாச எம்.ஆர். ஊசி (தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி) போடலாமா? எலும்பு மஜ்ஜை டெஸ்ட் வேணும்னு சொந்தக்காரங்க பயமுறுத்துறாங்க.

கோரிமேடு_தோல்:
தேய்த்தால் தடிப்பதற்கு டாரியர் அறிகுறி என்று பெயர். அர்ட்டிகேரியா பிக்மென்டோசா என்பது மாஸ்டோசைட்டோசிஸின் ஒரு வகை: அலர்ஜியைத் தூண்டும் மாஸ்ட் செல்கள் தோலில் கூடுதலாகக் குவிந்திருக்கின்றன. உரசினால், சிவப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. வருகிறவர்களுக்கெல்லாம் தேய்த்துக் காட்டாதீர்கள். பெரிய கட்டியாக இருந்தாலோ உடம்பு முழுக்கப் பரவியிருந்தாலோ அந்தத் தேய்ப்பிலேயே ரத்த அழுத்தம் இறங்கலாம்.

மஜ்ஜை டெஸ்ட் இந்த வயதில் எடுத்தவுடன் செய்வதில்லை. ரத்தத்தில் டிரிப்டேஸ் (மாஸ்ட் செல்கள் வெளிவிடும் புரதம்) அளவு, முழு ரத்த எண்ணிக்கை, வயிற்றைத் தொட்டுக் கல்லீரல், மண்ணீரல் பார்ப்பது போதும். டிரிப்டேஸ் மில்லிக்கு 20 நானோகிராமைத் தாண்டினாலோ, உறுப்பு வீங்கியிருந்தாலோ, ரத்த எண்ணிக்கையில் கோளாறு இருந்தாலோதான் அடுத்த கட்டம். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பருவ வயதுக்குள் மங்கிவிடும். தொற்று நோய் இல்லை. குடும்பத்தில் வருவதும் அபூர்வம்.

முத்தியால்பேட்டை_செவிலி:
எண்ணெய் பிரச்சினை இல்லைங்க, பாட்டி கை அழுத்தம்தான் பிரச்சினை. உள்ளங்கையில தடவி மேலாப்ல பூசுங்க, உருவாதீங்க. பயத்தமாவு போட்டு அரக்கித் தேய்க்கிறதை நிறுத்துங்க. தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும், சுடச்சுட வேண்டாம். துண்டால ஒத்தி எடுங்க. அரைஞாண் கயிறு உரசுற இடத்துல புள்ளி இருந்தா கயித்தைக் கழட்டிடுங்க. அங்கதான் முதல்ல கொப்புளிக்கும். கத்திரி வெயில்ல பருத்திச் சட்டை மட்டும். ஏசி அறையிலேர்ந்து சட்டுனு வெளிய தூக்கிட்டுப் போகாதீங்க.

கடலூர்_அம்மா:
நேத்து ஒரு புள்ளி மேல நீர்க்கொப்புளம் வந்துச்சு. அக்கின்னு சொல்லி காவி பூசச் சொல்றாங்க.

முத்தியால்பேட்டை_செவிலி:
காவி வேண்டாம்! அது அக்கி இல்ல. சின்னப் பிள்ளைங்களுக்கு இந்த நோய்லயே கொப்புளம் வரும், மூணு வயசு வாக்குல பெரும்பாலும் நின்னுடும். உடைக்காம சுத்தமா வைங்க. கொப்புளம் பல இடத்துல கிளம்பினா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.

மருந்தாளுநர்_புதுவை:
5 மில்லியில் 5 மில்லிகிராம் உள்ள செட்ரிசின் சிரப் என்றால், இந்த வயதுக்கு வழக்கமான அளவு நாளுக்கு ஒருமுறை 2.5 மில்லி. சொட்டு மருந்தின் அடர்த்தி வேறு; ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே அளவில் ஊற்றாதீர்கள்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால். இப்யூபுரோஃபென், ஆஸ்பிரின் வகைகளை டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள். கோடீன் கலந்த இருமல் சிரப் கூடவே கூடாது. அறுவைச் சிகிச்சையோ சாயம் ஏற்றி எடுக்கும் ஸ்கேனோ வந்தால் மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரை முன்கூட்டியே சொல்லுங்கள். மார்பின் என்ற வலி மருந்து, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இரண்டும் மாஸ்ட் செல்லைக் கிளறிவிடும்.

எம்.ஆர். ஊசி போடலாம். அன்று வேறு ஊசி இருந்தால் தனித்தனி நாளில் போட முடியுமா என்று கேளுங்கள், போட்டபின் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள்.

உடம்பு முழுக்கச் சிவந்து, திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சிரைப்பு, துவண்டு போவது வந்தால் படுக்க வைத்துக் காலைத் தூக்கி 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் வைக்க டாக்டர் அட்ரினலின் (கடும் அலர்ஜிக்கான அவசர ஊசி) எழுதித் தந்தால்: 1:1000 (1 மில்லியில் 1 மில்லிகிராம்) ஆம்பியூலில் கிலோவுக்கு 0.01 மில்லி, அதாவது இவனுக்கு 0.08 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஒரு கோட்டுக்கு 0.01 மில்லி உள்ள 1 மில்லி சிரிஞ்சில் எட்டு சின்னக் கோடு. 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் கோட்டுக் கணக்கே வேறு, அதை எடுக்காதீர்கள். டாக்டர் முன்னால் வெறும் தண்ணீரைச் சிரிஞ்சில் இழுத்து அளந்து ஒருதரம் பழகிக்கொள்ளுங்கள்.