"டூ இன்டூ டென்" சொல்லி 3125 வந்த கதை

காட்பாடிப் பக்கம் ஒரு காலேஜ்ல சிவில் இன்ஜினியரிங் பாடம் எடுக்கிறேன். கிளாஸ்ல நேபாளம், தான்சானியா பிள்ளைங்க உண்டு. என் உச்சரிப்புதான் அவங்களுக்குப் புரியலைன்னு நெனச்சு, ரொம்ப நாள் வாயைக் கோணிக்கினு பேசினேன். வீட்ல கேட்டிருந்தா மானம் போயிருக்கும்.

ஒருநாள் ஸ்டீலோட யங்ஸ் மாடுலஸ், அதாவது இழுத்தா கம்பி நீளாம எவ்வளவு தாங்கும்னு காட்டற எண். 2 × 10⁵, அதாவது 2 லட்சம்; "டூ இன்டூ டென் பவர் ஃபைவ்"னு டிக்டேட் பண்ணேன். தான்சானியாப் பையன் நோட்டுல 3125! எங்கிருந்துப்பா வந்துச்சுன்னா, ஓரத்துல பென்சில்ல போட்டதைக் காட்றான். 10-ல 2 எத்தனை வாட்டி போகும்? 5. அந்த 5-க்கு பவர் 5 போட்டா 3125. அவன் படிச்ச இடத்துல பெருக்கல்னா "டைம்ஸ்". "இன்டூ"ன்னா வகுக்கிறது. கணக்குல ஒரு தப்பும் இல்ல, ஆனா அந்த எண் 64 மடங்கு குறைஞ்சதால அவன் கம்பி மட்டும் 64 மடங்கு நீண்டுடுச்சு.

சரின்னு "டூ லேக்"னேன். அது இன்னும் மோசம். 2,00,000-னு கமா போட்டதைப் பார்த்து (அவங்க 200,000-னுதான் போடுவாங்க) நான்தான் தப்பா எழுதிட்டேன்னு நெனச்சிருக்கான்.

"எனி டவுட்ஸ்?"னு கேட்டாலும் அமைதி. டவுட்னா சார் சொல்றதை நம்பலைன்னு ஆயிடுமாம், எப்படிச் சொல்றதுன்னு கூச்சம். இப்பல்லாம் அதைக் கேக்கறதே இல்ல. சாக்பீஸைக் கையில குடுத்து, அடுத்த ஸ்டெப்பை நீ போடுங்கறேன்.

---

சார், நான் ராணிப்பேட்டை, தோல் தொழிற்சாலைல ட்ரெயினிங் குடுக்கறவன். எத்தியோப்பியாலேர்ந்து வந்த ஒரு பையன்கிட்ட "டுமாரோ எய்ட் ஓ கிளாக்"னேன். மறுநாள் ட்ரம்மைத் திறந்து வெட் ப்ளூவை (குரோம்ல பதனிட்ட ஈரமான நீலத் தோல்) இறக்கி முடிச்சு, சாப்பிட்டு கை கழுவறோம், 2 மணிக்கு வந்து நிக்கிறான். நல்லா திட்டிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அவங்க ஊர்ல பொழுது விடிஞ்சதுலேர்ந்துதான் மணி எண்ணுவாங்க. நம்ம 7 மணி அவங்களுக்கு 1. அந்தக் கணக்குல மதியம் 2-தான் எட்டு. நம்ம தாத்தாங்க நாழிகை பார்த்த மாதிரிதானே! திட்டினதுதான் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.

இன்னொண்ணு, நான் பேசப் பேச "ஹக்"னு மூச்சை உள்ள இழுப்பான். பயந்துட்டான்னு நெனச்சு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கினு இருந்தேன். அது "ஆமாம்"னு அர்த்தமாம்.

---

ஐயையோ சார், எங்க தான்சானியாப் பையன் மாதிரி சுவாஹிலி பேசறவங்களுக்கும் இதே மணிக்கணக்குதானாம், இப்பத்தான் எங்க ஹாஸ்டல்ல கேட்டேன். நாளைக்கு மதியம் வைக்கிற இன்டர்னல் டெஸ்ட்டை "டூ ஓ கிளாக்"னு வாயாலதான் சொல்லி அனுப்பியிருக்கேன். பையன் காலைல 8-க்கே வந்து பூட்டின ரூம் முன்னாடி நின்னாலும் நிப்பான். போன் போடறேன், இருங்க.