98-ஆ, 100-ஆ? வேதாரண்யம் உப்பு யாத்திரை நாடகத்தை முன்வைத்து ஒரு சண்டை

மலைக்கோட்டை மணி:
காலையிலிருந்து ஒரு காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஏதோ ஒரு பள்ளியின் ஆண்டு விழா, பெயர் வேண்டாம். மைதானத்தில் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தை நடித்துக் காட்டுகிறார்கள். பின்னால் பெரிய பேனர்: "ராஜாஜியுடன் நடந்த 100 வீரர்கள்". பகிர்ந்த மகானுபாவர் "அப்படியே 1930-க்குப் போய்விட்டேன், புல்லரிக்கிறது" என்று எழுதியிருக்கிறார். எனக்கு எரிகிறது.

100 பேர் இல்லை ஐயா, 98 பேர். 1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு அன்று, திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் 98 பேர். எங்கள் ஊரில் பொறுக்கி எடுத்த ஆட்கள், எங்கள் ஊரிலிருந்து கிளம்பிய ஆட்கள். இந்த எண்ணைக்கூடச் சரியாகப் போடத் தெரியாதவர்கள் எதற்கு வரலாற்றை மேடையேற்ற வேண்டும்?

வேதை வாசி:
மணி அண்ணே, கிளம்பியது உங்கள் ஊராக இருக்கலாம். வந்து சேர்ந்தது எங்கள் ஊர். ஏப்ரல் 28 அன்று வந்து இறங்கியவர்களுக்கு இடம் கொடுத்து, சோறு போட்டு, அடியும் வாங்கியவர்கள் எங்கள் ஆட்கள். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் 100 என்றுதான் சொல்லும். பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லாதீர்கள்.

மலைக்கோட்டை மணி:
சின்னப் பிள்ளை சொல்லும், சரி. எழுதி வைத்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? 98.

வேதை வாசி:
எழுதி வைத்தவர்களிலும் 100 என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள் அண்ணே. நீங்கள் படித்தது மட்டும்தான் புத்தகமா?

கணக்குப்பிள்ளை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 98-ம் அச்சில் இருக்கிறது, 100-ம் இருக்கிறது, 150-க்கு மேல் என்றும் எழுதியிருக்கிறார்கள். முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ராஜாஜியைச் சேர்த்தா, சேர்க்காமலா? வழியில் வந்து சேர்ந்தவர்கள் கணக்கில் உண்டா? நடுவில் காய்ச்சல் வந்து நின்றவர்கள்?

தண்டியிலும் இதே கதைதான். சபர்மதியிலிருந்து காந்தியுடன் கிளம்பியவர்கள் 78 பேர் என்கிறோம். 2019-இல் தண்டியில் திறந்த நினைவிடத்தில் உடன் நடந்தவர்களுக்கு 80 சிலை. 2021-இல் அரசு நடத்திய மறு நடைப்பயணத்தில் 81 பேரை அனுப்பினார்கள். யாரை எண்ணுகிறோம் என்று சொல்லாவிட்டால் எல்லா எண்ணும் சரி, எல்லா எண்ணும் தப்பு.

மலைக்கோட்டை மணி:
தண்டி விஷயம் இங்கே வேண்டாம். வேதாரண்யம் 98.

வேதை வாசி:
100.

ஓய்வுபெற்ற டீச்சர்:
தம்பிகளா, அந்தப் பள்ளி எனக்குத் தெரியாது. ஆனால் இதே மாதிரி நாடகம் நானும் பல வருஷம் போட்டிருக்கிறேன். மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? வரிசைக்குப் பத்து, பத்து வரிசை. அதனால்தான் 100. இரண்டு பிள்ளையை மட்டும் "நீ வேண்டாம், வரலாற்றில் நீ இல்லை" என்று சொல்லி அனுப்பினால் மறுநாள் அவர்கள் அம்மா வாசலில் நிற்பார்கள்.

மலைக்கோட்டை மணி:
டீச்சர், மரியாதையோடு சொல்கிறேன். வரிசைக்கு ஏழு, பதினான்கு வரிசை. 98 அழகாக வரும். மனசு இருந்தால் வழி உண்டு.

ஓய்வுபெற்ற டீச்சர்:
பதினான்கு வரிசை நிற்க மைதானம் வேண்டுமே தம்பி. அதையும் நீங்களே கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

கும்பகோணத்தான்:
எண்ணை விடுங்கள். அந்தக் காணொளியில் முன்னால் கம்பை ஊன்றிக்கொண்டு நடப்பது யார்? காந்தி வேஷம்! பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு ராஜாஜி. ஏப்ரல் 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியபோது காந்தி குஜராத்தில் இருந்தார். மே 5-ஆம் தேதி கராடியில் கைதானார். வேதாரண்யத்துக்கு அவரை எந்த ரயிலில் அழைத்து வந்தார்கள்? இதைக் கேட்க ஆள் இல்லை, இரண்டு பேருக்கு அடித்துக்கொள்கிறீர்கள்.

மலைக்கோட்டை மணி:
காந்தி வேஷம் தப்புதான். அது பார்த்தவுடனே தெரிகிற தப்பு, யாரும் ஏமாற மாட்டார்கள். 100 என்பது அப்படி இல்லை. கேட்டவன் நம்பிவிடுவான், போட்டித் தேர்விலும் எழுதிவிட்டு வருவான். அதனால்தான் கத்துகிறேன். 98.

ஓய்வுபெற்ற டீச்சர்:
காந்தி வேஷம் போட ஒரு பிள்ளை கிடைத்துவிட்டால் எந்த நாடகத்திலும் அவனை விட முடியாது. கைதட்டல் அவனுக்குத்தான். என் வருத்தம் வேறு. ருக்மிணி லட்சுமிபதி வேதாரண்யம் போராட்டத்தில்தான் சிறை போனார். உப்பு சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். ஒரு பேனரிலாவது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பெண் பிள்ளைகளுக்கு எப்போதும் ஆரத்தித் தட்டுதான்.

கருப்புத் துண்டு:
இந்த 98, 100 பேரை எல்லாம் கும்பிட்டுவிட்டு, முன்னால் நடந்தவர் பிறகு என்ன செய்தார் என்றும் நாடகம் போடுவீர்களா? 1938-இல் இந்தியைக் கட்டாயமாக்கியவர் யார்? 1953-இல் பிள்ளைகளை அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று அனுப்பப் பார்த்தவர் யார்? அதே பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்தே ராஜாஜிக்கு வேஷம் கட்டுகிறீர்கள். நல்ல நகைச்சுவை.

மலைக்கோட்டை மணி:
வந்துவிட்டார். இங்கே பேச்சு 1930. உங்கள் கட்சிக் கூட்டத்தை வேறு திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்புத் துண்டு:
எதை நடிக்கிறோம், எதை நடிக்காமல் விடுகிறோம் என்பதுதானே பேச்சே? உங்களுக்கு இரண்டு ஆள் குறைந்தால் வரலாறு கெட்டுப்போகிறது. கால் நூற்றாண்டை விட்டால் ஒன்றும் ஆகவில்லை.

மலைக்கோட்டை மணி:
குறையவில்லை, கூட்டியிருக்கிறார்கள். படிக்காமலே பதில் போடுகிறீர்கள். 98 பேரை 100 ஆக்கியிருக்கிறார்கள்.

வேதை வாசி:
யாரும் ஆக்கவில்லை. 100 பேர்தான் வந்தார்கள். சரி, வைரப்பனைப் பற்றியாவது தெரியுமா உங்களுக்கெல்லாம்? முடிதிருத்தும் தொழிலாளி. பாதி சவரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவன் போலீஸ்காரன் என்று தெரிந்ததும் கத்தியை வைத்துவிட்டார். நீதிபதி முன்னால் கொண்டு போய் நிறுத்தி, மீதியைச் செய்து முடி என்றபோது, நீங்களே செய்யுங்கள் என்று பெட்டியை அவரிடமே நீட்டினார். சிறைக்குப் போனார். அவருக்கு எங்கள் ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. உங்கள் 98-க்குள் அவர் வருவாரா? வரமாட்டார், அவர் திருச்சியிலிருந்து நடக்கவில்லை. ஆனால் அவரை விட்டுவிட்டு இந்தப் போராட்டம் உண்டா?

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன். யாரை எண்ணுகிறோம்?

மலைக்கோட்டை மணி:
வைரப்பன் பெரியவர், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவரைச் சேர்த்தால் 99. அப்போதும் 100 வரவில்லை பாருங்கள்.

கும்பகோணத்தான்:
ஹாஹா.

வேதை வாசி:
சிரிக்காதீர்கள். சர்தார் வேதரத்தினம் பிள்ளை இல்லாமல் உங்கள் ராஜாஜி வேதாரண்யத்துக்கு வந்திருப்பாரா? எந்தக் கடற்கரைக்குப் போவது என்று பல ஊர் பேச்சில் இருந்தபோது எங்கள் ஊர் ஏன் அமைந்தது? உப்பளம் இருந்தது, கூடவே அவரும் இருந்தார். 1946-இல் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை ஆரம்பித்தவர் அவர். நாடகத்தில் அவர் ஓரமாக நின்று மாலை போடுகிற பாத்திரம். திருச்சிக்காரர்கள் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

கும்பகோணத்தான்:
திருச்சி, வேதாரண்யம் என்று இரண்டு முனையையும் நீங்களே பிடித்துக்கொண்டால் நடுவில் இருக்கும் 150 மைல்? அது முழுக்கத் தஞ்சை ஜில்லா. கலெக்டர் தார்ன், சத்தியாகிரகிகளுக்குச் சோறு போட்டால், தங்க இடம் கொடுத்தால் சிறை என்று தண்டோரா போட்டார். அதையும் மீறி மரக்கிளையில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டவர்கள் எங்கள் ஆட்கள். இதை மேடையில் காட்டினால் எப்படி இருக்கும்! பிள்ளைகள் மரத்திலிருந்து பொட்டலத்தை இறக்குவதும் கீழே போலீஸ் முழிப்பதும். அதை விட்டுவிட்டு, அட்டையில் செய்த கடலும் அரை மணி நேரப் பேச்சும்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
இது நல்ல யோசனை தம்பி. நான் இருந்தபோது தோன்றவில்லையே.

மலைக்கோட்டை மணி:
எத்தனை பொட்டலம் கட்டினார்கள்? 98.

கும்பகோணத்தான்:
நீங்கள் அப்போது எண்ணிக்கொண்டிருந்தீர்களா?

உப்பளத்து ஆள்:
அகஸ்தியம்பள்ளி பக்கம் உப்பளத்தில் வேலை செய்த குடும்பம் எங்களுடையது. ஏப்ரல் 30 அன்று நினைவுத்தூண் பக்கம் கதர் போட்டுக்கொண்டு வந்து, பாடி, ஒரு பிடி உப்பை அள்ளிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நல்லதுதான், குறை சொல்லவில்லை. வெயிலில் பாத்தி மிதித்துக் காலில் புண்ணோடு நிற்பவனை யாரும் அந்தப் படத்துக்குக் கூப்பிட்டதில்லை. 1930-இல் அந்த உப்பை விளைத்தவனும் எங்கள் ஆள்தானே? அவன் எந்த எண்ணில் வருகிறான்?

மலைக்கோட்டை மணி:
தோழர், உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் தலைப்பு வேறு. தலைப்பை விட்டு எல்லாரும் விலகிப் போகிறீர்கள். பேனரில் என்ன போட வேண்டும் என்பதுதான் கேள்வி.

கருப்புத் துண்டு:
புரிகிறது என்று ஒரு வரி, தலைப்பு வேறு என்று ஒரு வரி. உப்பளத்து ஆள் ஐயா, இதுதான் இவர்கள் வரலாறு. அளித்தவன் பெயர் இல்லை, அள்ளியவன் பெயர் மட்டும்.

மலைக்கோட்டை மணி:
உப்பளத்து ஆளை நீங்கள் கேடயமாக வைத்துக்கொள்ள வேண்டாம். போன மாதம் கீழடிச் சண்டையிலும் இப்படித்தான் கடைசியில் வந்து கல்லைப் போட்டுவிட்டுப் போனீர்கள். மறக்கவில்லை.

கருப்புத் துண்டு:
அந்தச் சண்டையில் நான் கேட்டதற்கு இன்றுவரை நீங்கள் பதில் சொல்லவில்லை. அதுவும் மறக்கவில்லை.

கதர்க்கடை:
காமராஜரை ஏன் யாரும் சொல்லவில்லை? உப்பு சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு அலிப்பூர் சிறைக்குப் போனவர். அவர் வேதாரண்யத்துக்கு வந்தவர்தானே, நாடகத்தில் அவர் எங்கே?

வேதை வாசி:
பார்த்தீர்களா மணி அண்ணே! காமராஜர் உங்கள் 98-க்குள் இருந்தாரா, வெளியே இருந்தாரா? சொல்லுங்கள்.

மலைக்கோட்டை மணி:
திருச்சியிலிருந்து கிளம்பிய பட்டியல் வேறு, பின்னால் அலை அலையாக வந்து கைதானவர்கள் வேறு. நான் பேசுவது முதல் பட்டியல். எத்தனை தடவை சொல்வது?

கணக்குப்பிள்ளை:
இப்போதுதான் முதல் தடவை சொல்கிறீர்கள்.

மலைக்கோட்டை மணி:
கணக்குப்பிள்ளை, உங்கள் குத்தல் எனக்கு வேண்டாம். நான் அந்தப் பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பேனரைத் திருத்தி, காணொளியை மறுபடி வெளியிடச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
மின்னஞ்சலா? பாவம், யாரோ ஒரு டீச்சர் ராத்திரி இரண்டு மணி வரை தெர்மாகோல் வெட்டி உப்பு மேடு செய்திருப்பாள். நன்றி சொல்லி ஒரு வரி எழுதினீர்களா அதில்?

மலைக்கோட்டை மணி:
முயற்சி பாராட்டத்தக்கது என்று ஆரம்பித்துத்தான் எழுதினேன்.

வேதை வாசி:
நானும் எழுதப்போகிறேன். பேனரை மாற்ற வேண்டாம், மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம் என்று.

மலைக்கோட்டை மணி:
யார் மிரட்டியது? வார்த்தையை அளந்து பேசுங்கள் தம்பி. இதே நீங்கள்தான் போன வருஷம் உங்கள் ஊர் நினைவு நிகழ்ச்சிக்கு வருகிறேன் என்று நான் சொன்னபோது, தங்க இடம் இல்லை என்று கையை விரித்தீர்கள்.

வேதை வாசி:
கோயில் திருவிழா நேரம், ஊரில் ஒரு அறை கிடையாது என்று விளக்கமாக எழுதியிருந்தேன். அதை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்?

கும்பகோணத்தான்:
தார்ன் உத்தரவு அங்கே இன்னும் அமலில் இருக்கிறது போல.

வேதை வாசி:
கும்பகோணத்தாரே, உங்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆரம்பிக்கவும் வேண்டாம். அறை வாடகைக்கு அவர் சொன்ன தொகையை நான் இங்கே போட்டால் அவருக்குத்தான் அசிங்கம்.

மலைக்கோட்டை மணி:
போடுங்கள் பார்க்கலாம்.