பழைய ரோட் சைக்கிளை ஒருவழியாக முடித்தாச்சு, உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்

எழுபதுகளில் வந்த ஒரு பிரெஞ்சு ரோட் சைக்கிளை இந்த வாரம்தான் புதுப்பித்து முடித்தேன். பெயின்ட் மட்டும் பழசு. அதை வேண்டுமென்றேதான் அப்படியே விட்டிருக்கிறேன், பார்க்கிற எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ஃபிரேம் ரெனால்ட்ஸ் 531. 1935-இல் வந்த மாங்கனீசு-மாலிப்டினம் ஸ்டீல் அது, குழாயின் இரண்டு முனையிலும் கனம், நடுவில் மெலிசு. அந்த மெலிசான இடத்தில் மணல் பீய்ச்சிப் பழைய பெயின்டை எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை, தவிர ஃபிரேமில் இருக்கிற பழைய ஸ்டிக்கரும், குழாய்கள் சேருகிற மூட்டான லக்கைச் சுற்றிக் கையால் இழுத்த கோடும் போய்விட்டால் திரும்ப வராது. சுழலுகிற இடம் எல்லாம் புதுசு மாதிரி ஓடணும், மற்றதெல்லாம் அதன் வயசோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். துருப்பிடித்த சின்ன இரும்புப் பாகங்களை ஆக்சாலிக் அமிலம் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டேன், துரு நன்றாகவே போனது. ஆனால் அது விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பொடியை மூக்கில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

உண்மையில் ஆளைத் தின்றது பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு சுழலுகிற இடம். அதன் இரண்டு பக்கமும் பால்ரஸ் உட்காருகிற கப் ஒன்று மரையில் முறுக்கியிருக்கும். சாதாரணமாக நாம் பார்க்கிற ஆங்கில அளவு சைக்கிளில் செயின் பக்கத்துக் கப் இடது மரை, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பிரெஞ்சு அளவு விட்டம் 35 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ., இரண்டு பக்கமுமே வலது மரை. இது தெரியாமல் பழக்கத்தில் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு முறுக்கிக்கொண்டே போவோம். இதில் இன்னொரு சிக்கல், சுவிஸ் அளவு என்று ஒன்று உண்டு, அதுவும் இதே 35-க்கு 1 தான், ஆனால் செயின் பக்கம் இடது மரை! இடப்பக்கத்துக் கப்பைக் கழற்றி எவ்வளவு அளந்தாலும் இரண்டில் எது என்று தெரியவே தெரியாது. அதனால் உள்ளே டார்ச் அடித்து, கப்பைத் தாண்டி மிச்சம் தெரிந்த மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன்.

கழற்றுவதற்கு ஒரு நீள போல்ட், நட், கனமான வாஷர்கள் போதும். கப்பின் துளை வழியாகப் போல்ட்டை விட்டு, கப்பை நடுவில் வைத்து நெருக்கிவிட்டு, மேற்கொண்டு முறுக்கினால் கப்பும் சேர்ந்து சுற்றும். ஆங்கில மரை என்றால் செயின் பக்கம் வெளியிலிருந்தே முறுக்கலாம். பிரெஞ்சு என்றால் போல்ட் தலையை உள்பக்கம் வைத்து, இடப்பக்கத்து ஓட்டை வழியாக நீள சாக்கெட்டை விட்டு முறுக்கணும், அப்போதுதான் போல்ட் இறுகுகிற திசையும் கப் கழலுகிற திசையும் ஒன்றாக வரும். ஒரு 'டக்' சத்தம், அவ்வளவுதான், மனுஷனுக்கு அப்படி ஒரு நிம்மதி. உள்ளே பழைய கிரீஸ் மெழுகாகவே மாறியிருந்தது. ஒரு பக்கத்துக்கு 11 என்று கால் அங்குல பால்ரஸ் புதுசாகப் போட்டேன், பழைய குண்டுகளைத் துடைத்து மறுபடி போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சக்கரம் கோட்டம் எடுத்தது, செயின், கேபிள் எல்லாம் வழக்கமான வேலை, சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் முதல் ரவுண்டு போனபோது கார்பன் சைக்கிளில் வந்த ஒரு பையன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வந்து, கியர் லீவர் எங்கே என்று கேட்டான். கீழ்க்குழாயில் கை வைத்துக் காட்டினேன். "கிளிக் சத்தமே இல்லையே அண்ணா, சரியான கியரில் விழுந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" ஷிமானோ 1984-இல் எஸ்ஐஎஸ் என்ற கிளிக் கியர் முறையைக் கொண்டு வந்த பிறகுதான் கிளிக் பரவலானது, அதற்கு முன்னால் எல்லாருக்கும் காதுதான், செயின் உரசினால் லீவரை ஒரு மயிரிழை நகர்த்தணும், அவ்வளவுதான் என்றேன். நம்பினானா தெரியாது. ஏற்றம் வந்ததும் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

*

வாழ்த்துகள்! பெயின்ட் விஷயத்தில் உங்கள் கட்சிதான். என் கதை சீட் பைப். அலுமினியப் பைப், ஸ்டீல் ஃபிரேம், நடுவில் ஈரம் இறங்கி அரித்து இரண்டும் ஒன்றாகவே ஆகிவிட்டன. காஸ்டிக் சோடா ஊற்றி அலுமினியத்தைக் கரைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வேலை செய்யும்தான், ஆனால் கண்ணில் தெறித்தால் கதை முடிந்தது, ஹைட்ரஜன் வேறு வரும், அதனால் வேண்டாம் என்றேன். பழைய மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார், எண்ணெய் விட்டு ஊறவிட்டு, சைக்கிளைத் தலைகீழாக்கிப் பைப்பின் தலையை வைஸில் இறுக்கிப் பிடித்தார், பிறகு ஃபிரேமையே கைப்பிடியாக வைத்துத் திருப்பினார். கிறீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. போகும்போது, "மறுபடி போடும்போது கிரீஸ் தடவாமல் போட்டால் என்னைக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

படிக்கவே ஆசையாக இருக்கிறது. ஒரு சேர்க்கை. பழைய சைக்கிளில் குவிக் ரிலீஸ் ஹப் (ஸ்பேனர் இல்லாமல் லீவரை மூடிச் சக்கரத்தை இறுக்குகிற வகை) இருந்தால், பால்ரஸை அழுத்திப் பிடிக்கிற கோனைக் கொஞ்சம் லூசாகவே விடுங்கள். லீவரை மூடும்போது சக்கரத்தின் அச்சு துளியூண்டு சுருங்கும், அந்த ஆட்டம் தானாகப் போய்விடும். வெளியில் வைத்து ஆட்டமே இல்லாமல் செட் பண்ணினால் சக்கரத்தை மாட்டியதும் பால்ரஸ் நெரியும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் இத்தாலியில் பழைய சைக்கிள்களுக்காக நடக்கிற எரோயிகா ரைடு ஓட்டிவிட்டு வந்தவர். பொதுவாக 1987 வரை செய்த ரோட் சைக்கிளுக்குத்தான் அங்கே அனுமதி, லீவர் கீழ்க்குழாயில் இருக்கணும், பெடலில் காலைப் பிடிக்கிற டோ கிளிப் இருக்கணும், பிரேக் கேபிள் வெளியே வளைந்து தெரியணும். உங்கள் வண்டி அத்தனையிலும் தேறிவிடும் போலிருக்கிறதே!

சரி, ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது 27 அங்குல ரிம், இப்போதைய ரோட் சைக்கிள் அளவான 700சி-க்கு மாற்றலாமா என்று பார்க்கிறேன். ரிம் விட்டம் 630 மி.மீ. இருக்கிற இடத்தில் 622 வரும், பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்கணும். என் பிரேக்கில் அவ்வளவு இடம் இல்லை. கை நீளமான (லாங் ரீச்) பிரேக் வாங்கிப் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பிடிப்பு குறைகிறதா?