குசினிக் கதவு நிலையில் கறையான்: கிணறு அருகில் இருக்கும்போது மருந்து ஊற்றலாமா?

ஒட்டுசுட்டான்வாசி:

வணக்கம் உறவுகளே. மீள்குடியேற்றத்தின் பின்னர் வீட்டுத்திட்டத்தில் கட்டிய எங்கள் வீட்டின் குசினிக் கதவு நிலையில் கறையான் ஏறியிருக்கிறது. நிலத்திலிருந்து முழ உயரத்துக்குப் பென்சில் தடிப்பில் மண்கோடு ஒன்று போகிறது; அதைச் சுரண்டிவிட்டால் விடிவதற்குள் ஈரமண்ணால் திரும்ப அடைத்துவிடுகிறது. நிலையைத் தட்டினால் உள்ளே கோறையான சத்தம் கேட்கிறது, வெளியே பெயின்ற் மட்டும் புதிது போல நிற்கிறது. அந்தச் சுவரின் மறுபக்கத்து மர அலுமாரியில்தான் காணி உறுதியும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் இருக்கின்றன. இடப்பெயர்வில் தொலைந்து, கந்தோர் கந்தோராக அலைந்து மறுபடி எடுத்த பத்திரங்கள் என்பதால் அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

நிலத்தில் துளையிட்டு மருந்து ஊற்ற வேண்டும் என்று மேசன் சொல்கிறார். பழைய எஞ்சின் ஒயில் போதும் என்று பக்கத்து வளவுக்காரர் சொல்கிறார். குடிதண்ணீர்க் கிணறோ குசினியிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. வேலியோரத்தில் ஒரு புற்றும் இருக்கிறது, ஆனால் அதை உடைக்க அம்மா சம்மதிக்க மாட்டார். மாரி தொடங்குவதற்குள் என்ன செய்யலாம்?

கனகராயன்கரை:

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் இது நிலத்தடிக் கறையான்தான். மரத்திலிருந்து மாப்போன்ற தூள் கொட்டியிருந்தால் அது உளுவண்டின் வேலை, அதற்கு வைத்தியம் வேறு. கறையானின் உடல் தோல் மெல்லியது என்பதால் வெளிக்காற்றிலும் வெயிலிலும் விரைவில் காய்ந்து செத்துவிடும். ஆகையால் மண்ணிலுள்ள ஈரத்தோடு தொடர்பை விடாமல், தான் போகும் வழி முழுவதையும் மண்ணால் மூடிக்கொண்டே ஏறுகிறது. நிலையில் காண்பது கூட்டத்தின் சிறு பகுதி மட்டுமே. இராணியும் மிச்சப் பேரும் நிலத்துக்குள் வேறெங்கோ இருக்கிறார்கள். இதனால்தான் கடையில் விற்கும் நுளம்பு, கரப்பான் ஸ்பிறேயை மண்கோட்டில் அடிப்பதால் பயனில்லை: முன்னால் நின்றவை சாகும், பின்னால் நிற்பவை ஒரு சாண் தள்ளி வேறு கோடு போடும்.

முதலில் அவை எங்கிருந்து ஏறுகின்றன என்று பாருங்கள். எங்கள் பக்கத்தில் நிலையை நிறுத்திவிட்டுத்தான் நிலத்துக்குச் சீமெந்து போடுவார்கள், ஆகவே நிலைக்காலின் அடி நேராக மண்ணில் ஊன்றியிருக்கும்; மரத்துக்கும் சீமெந்துக்கும் இடையில் நாளடைவில் விழும் மயிரளவு இடைவெளியே கறையானுக்குப் பெருந்தெரு. அதோடு குசினியில் பாத்திரம் கழுவும் தண்ணீர் சுவரடியில் தேங்குகிறதா, வெளிச்சுவரில் விறகு சாத்தியிருக்கிறதா, அத்திவாரத்தை மூடும் அளவுக்கு மண் குவிந்திருக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். இவை இருக்கும்வரை எந்த மருந்தும் நின்று பிடிக்காது.

மருந்தென்றால் பிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்றவை கறையானுக்கு மணத்தால் தெரியாதவை. அவற்றினூடாக நடந்து போகும் வேலைக்காரக் கறையான்கள் உடனே சாகாமல், ஒன்றையொன்று நக்கியும் ஊட்டியும் கூட்டத்துக்குள் நஞ்சைக் கொண்டு போகும். அதனால் பலன் தெரியச் சில கிழமைகள் பிடிக்கும். ஊற்றிய அன்றே மண்கோட்டை உடைத்துத் துடைத்துவிட்டால் அந்தப் போக்குவரத்து நின்றுவிடும், கொஞ்சம் பொறுத்திருங்கள்.

நெடுங்கேணியான்:

மேலே எழுதியவர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கிணற்றை அவர் தொடவே இல்லை, கேட்டவரின் கேள்வியோ அதுதான். இமிடாகுளோப்ரிட் தண்ணீரில் நன்றாகக் கரையக்கூடியது, நம் செம்மண்ணோ தண்ணீரை விரைவாகக் கீழே இறக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் குடிதண்ணீர்க் கிணற்றுப் பக்கம் அந்த வேலையை நான் செய்ய விடமாட்டேன். பிப்ரோனில் மண்ணோடு கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் என்றாலும் மீனுக்கும் தேனீக்கும் கடும் நஞ்சு. எஞ்சின் ஒயில் பேச்சுக்கே இடமில்லை: மணம் போனதும் கறையான் வரும், ஒயில் மண்ணிலேயே கிடக்கும்.

வயலுக்கு வாங்கி மிஞ்சிய பூச்சிமருந்தை வீட்டுக்குள் ஊற்றும் பழக்கமும் நம் ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, எந்த மருந்தும் எந்தத் தேவைக்கென்று பதியப்பட்டதோ அது லேபிளில் இருக்க வேண்டும். போத்தலில் பிரித்து ஊற்றித் தருவதை வாங்காமல், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு வாங்குவது நல்லது.

ஒட்டுசுட்டான்வாசி:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் மண்ணுக்கு மருந்தே ஊற்றாமல் இந்த நிலையைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? புற்றை என்ன செய்வது?

பனங்கூடல்:

நான் மரவேலை செய்பவன். கோறையாகக் கேட்கும் பகுதியைக் காப்பாற்ற முயல வேண்டாம். உளியால் குத்திப் பார்த்து, உறுதியான மரம் வரும் இடத்தில் நிலைக்காலை அறுத்து எடுத்துவிட்டு, அடியில் கொங்கிறீற் கட்டை வார்த்து அதன்மேல் மிச்சக் காலை நிறுத்தலாம். மரத்தின் நுனி மண்ணைத் தொடாமல் இருப்பதே பாதி வைத்தியம். புது மரம் போடுவதானால் முதிரை, பாலை, பனை எதுவாயினும் வைரமான பகுதியாகப் பார்த்து வாங்குங்கள். முதிரை என்று சொல்லி வெளிறோடு, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள மெதுவான மரத்தோடு, அறுத்துத் தரும் பலகையில் கறையான் வெளிறு மட்டும் தின்று, பெயருக்கு வைரத்தை விட்டுவைக்கும்.

மிஞ்சும் மரத்துக்குப் போரிக் அமிலமும் வெண்காரமும் சுடுதண்ணீரில் கரைத்துப் பூசுவோம். பெயின்றுக்கு மேலே பூசினால் உள்ளே இறங்காது. உரசி எடுத்துவிட்டு, மெல்லிய துளைகள் போட்டு ஊசியால் உள்ளே ஏற்ற வேண்டும். மழை படும் இடத்தில் இது கழுவுண்டு போய்விடும், உங்கள் குசினி நிலை உட்பக்கம் என்பதால் பொருந்தும். கையுறை போடுங்கள், கரைசலைப் பிள்ளைகளின் கைக்கு எட்டவிட வேண்டாம்.

புற்றைப் பற்றி அம்மாவோடு வாக்குவாதப்பட வேண்டிய தேவையே இல்லை. புதூர் நாகதம்பிரானைக் கும்பிடும் ஊரில் அவர் மறுப்பது இயல்பு, அதோடு புற்றுக்குள் பாம்பு குடியிருந்தால் கையை விடுபவருக்குத்தான் ஆபத்து. வேலியோரப் புற்றுக்காரர்தான் உங்கள் நிலையைத் தின்கிறார் என்பதற்கு உறுதியும் இல்லை. இராணியைத் தோண்டி எடுத்தால் தீர்ந்தது என்பார்கள், ஆனால் சில இனங்களில் ஒரு புற்றுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இராணிகள் இருக்கும்.

கனகராயன்கரை:

கிணறு பற்றி நெடுங்கேணியான் எழுதியது நியாயமானது, அந்தப் பக்கத்துக்கு மரவேலையே முதல் வழி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அலுமாரியை இன்றைக்கே சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களின் கீழே கல் வைத்து நிறுத்துங்கள். முதுகுப் பலகையை ரோச் அடித்துப் பாருங்கள், கறையான் கடதாசியை நடுவிலிருந்து தின்னும் என்பதால் கோப்புகளை விரித்தும் பாருங்கள். உறுதியையும் சான்றிதழ்களையும் தகரப் பெட்டிக்கு மாற்றுவது நல்லது. முதல் மழைக்குப் பின் மாலையில் ஈசல் (சிறகு முளைத்த கறையான்) கிளம்பும்போது வெளி விளக்கை அணைத்து, யன்னல்களைச் சாத்திவிடுங்கள். வீட்டுச் சுவருக்குள்ளிருந்தே ஈசல் புறப்பட்டால், கூட்டம் நிலையோடு நிற்கவில்லை என்று அர்த்தம். அப்போது கூரையின் தீராந்தி, கைமரம் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.