சென்னைக்குப் போகாமல் ஒரு அத்தியாயம் மட்டும் கிடைக்குமா?

பொருநைவாசகி:
நெல்லையில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தாமிரபரணிக் கால்வாய்கள் பற்றிய பழைய ஆங்கில நூல் ஒன்று எங்கள் கல்லூரி நூலகத்தில் இல்லை. எனக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு அத்தியாயம். கேட்டால், "கன்னிமாராவுக்குப் போய்ப் பாருங்க" என்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தை. வேறு வழி உண்டா?

அடுக்குஎண்:
உண்டு அம்மா. நான் கல்லூரி நூலகர்தான். உங்கள் கல்லூரி டெல்நெட்டில் உறுப்பா என்று முதலில் கேளுங்கள். நூலகங்கள் ஒன்றுக்கொன்று நூல் இரவல் தர, 1988-இல் டெல்லியில் தொடங்கிய நூலக வலையமைப்பு அது. நூலகங்கள்தான் உறுப்பு என்பதால் உங்கள் கோரிக்கை நூலகர் வழியாகத்தான் போகும். சந்தா கட்டிவிட்டு, கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும்போது மட்டும் கோப்பில் காட்டும் கல்லூரிகளும் உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையத்தின் இணையக் கூட்டுப் பட்டியலான இண்ட்கேட்டில் தேடுங்கள். எந்தெந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் அந்த நூல் இருக்கிறது என்று தெரியும். அதைக் குறித்துக்கொண்டு, "நூல் வேண்டும்" என்று எழுதாமல், எந்த அத்தியாயம், எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை என்று எழுதிக் கொடுங்கள். முழு நூலைத் தபாலில் அனுப்ப யாருக்கும் கை வராது. தொலைந்தால் அனுப்பியவர் தலையில்தான் விடியும். பதினைந்து பக்கம் ஸ்கேன் என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவல் படிவத்தில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு, துறைத்தலைவர் கையெழுத்து எல்லாம் கேட்போம். எப்போதைக்கு வேண்டும், முழு நூலா சில பக்கமா, தாளா பிடிஎஃப்பா? இதற்கெல்லாம் ஒரு கட்டம்கூட இருக்காது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே தன் ஐந்து நூலக விதிகளில் நான்காவதாக எழுதிவிட்டார். நாங்கள் நூலகர் தினமான ஆகஸ்ட் 12 வந்தால் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம்.

தேக்காக்காரன்:
இங்கே சிங்கப்பூரில் ஒரு கிளையில் எடுத்த புத்தகத்தை வேறு கிளையில் திருப்பிப் போடலாம். ஊருக்கு வந்தால் இதற்குத்தான் ஏங்குகிறேன்.

கரிசல்:
ரொம்பப் பழைய நூல் என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையதளத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு தாண்டியிருந்தால் இந்தியாவில் பதிப்புரிமைத் தொல்லையும் இல்லை.

பொருநைவாசகி:
ஆசிரியர் இறந்து அவ்வளவு காலம் ஆகவில்லை, கரிசல். ஆனால் இண்ட்கேட்டில் பார்த்தேன் சார், பக்கத்து மாவட்டத்திலேயே ஒரு பிரதி இருக்கிறது!

அடுக்குஎண்:
அப்படியென்றால் டெல்லி வரை போகவே வேண்டாம். உங்கள் நூலகரை அங்கே ஒரு போன் போடச் சொல்லுங்கள். பொருளடக்கப் பக்கத்தையும் சேர்த்தே ஸ்கேன் கேளுங்கள், வேறு அத்தியாயமும் தேவைப்படலாம்.