புதுப்பிப்பு: கோகோபோலோ பின்பலகையின் நடு இணைப்பு பிடித்துவிட்டது

கிதாரின் பின்பலகைக்காக வாங்கிய கோகோபோலோ மரத்தின் இரு பாதிகளைச் சேர்க்கும் நடு இணைப்பு, இரண்டு முறை ஒட்டியும் கையால் நெம்பியதுமே விட்டுப்போனது என்று இரண்டு மாதங்களுக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

மெக்சிகோ முதல் பனாமா வரை வளரும் இந்த மரத்தில் எண்ணெய்ப்பசை மிகுதி என்பதால், நீங்கள் சொன்ன இரண்டு வழிகளையும் (அசிட்டோன் என்னும் கரைப்பானால் எண்ணெயைத் துடைப்பது, விளிம்பை இழைப்புளியால் சீவுவது) முதலில் துண்டு மரங்களில் செய்து பார்த்தேன். அசிட்டோனால் துடைத்து ஒட்டிய துண்டு, சுத்தியலால் தட்டியபோது பசைக்கோட்டிலேயே பிரிந்தது. துடைத்த கையோடு ஒட்டாமல் நான் தேநீர் குடிக்கப் போனதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். கூரான இழைப்புளியால் விளிம்பைப் புதிதாகச் சீவி, பத்து நிமிடத்துக்குள் அதே சாதாரண மரப்பசையை இட்டு இறுக்கிய துண்டிலோ, பசை விடவில்லை, மரநார்தான் கிழிந்தது. ஆக, உப்புத்தாளை விட்டுவிட்டு இழைப்புளியை எடுக்கச் சொன்னவரின் யோசனையே பலித்தது. அவ்வாறு ஒட்டிய பின்பலகை, 2.4 மி.மீ. கனத்துக்கு மெலிவித்த பிறகும் மூன்று வாரமாக அசையாமல் நிற்கிறது.

எதிர்பாராதது கோகோபோலோவின் சாயம். பக்கப்பலகையைத் துடைத்த அசிட்டோன் துணி, ஸ்ப்ரூஸ் என்னும் வெளிர்நிற மரத்தாலான கிதார் முகப்பின் ஓரத்தில் பட்டதும், ஆரஞ்சு நிறக் கறை நாருக்குள் ஊறிவிட்டது. அதைச் சுரண்டி எடுக்க அரைநாள் ஆயிற்று. ஸ்ப்ரூஸுக்கு முதலிலேயே ஒரு பூச்சு ஷெல்லாக் (அரக்கு மெருகு) கொடுத்திருக்க வேண்டும். முகமூடி அணிந்தும் முழுக்கைச் சட்டை போடாததால், மரத்தூள் பட்ட மணிக்கட்டு முழுவதும் தடித்துப்போனது.