கிட் புஷ்: 'சிம்பிள்' போதுமா, 'கரண்ட்' வேண்டுமா?

தரமணி ஆந்தை:
கோடின் மாற்றங்களைச் சேர்த்து வைக்கும் கிட்டில் புது பிராஞ்ச் (தனிக் கிளை) போட்டு, அதை சர்வருக்குத் தள்ள முதல் தடவை கிட் புஷ் அடித்தால் 'அப்ஸ்ட்ரீம் இல்லை', அதாவது சர்வரில் இதற்கு ஜோடியாக எந்த பிராஞ்சும் பதியவில்லை என்று நின்றுவிடுகிறது. அது சொல்லும் நீளக் கமாண்டைக் காப்பி பண்ணி ஒட்டுவதே பிழைப்பாகிவிட்டது. டீமில் ஒன்பது பேருக்கும் புஷ்.டிஃபால்ட்டை (வெறும் புஷ் அடித்தால் எது எங்கே போக வேண்டும் என்கிற செட்டிங்) 'கரண்ட்' என்று வைக்கச் சொல்லப் போகிறேன். நிற்கிற பிராஞ்ச் அதே பெயரில் சர்வருக்குப் போகட்டுமே.

வேளச்சேரி பழசு:
அவசரப்படாதீங்க. அப்ஸ்ட்ரீமின் பெயரும் ஒத்துப்போனால்தான் தள்ளுகிற 'சிம்பிள்' சும்மா டிஃபால்ட் ஆகவில்லை. 2014இல் கிட் 2.0 வரும் வரை 'மேட்சிங்'தான். இரண்டு பக்கமும் ஒரே பெயரில் இருக்கிற பிராஞ்ச் எல்லாம் ஒரே புஷ்ஷில் போகும். அந்தக் காலத்தில் ஒரு நாள், என் பிராஞ்சை ரீபேஸ் பண்ணிவிட்டு (கமிட்டுகளை, அதாவது பதிந்த மாற்றங்களை, வேறு அடித்தளத்தில் மாற்றி அடுக்கிவிட்டு), பிராஞ்ச் பெயர் சொல்லாமல் வெறும் ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதை மேலெழுதும் புஷ்) அடித்தேன். என் மெஷினில் மூன்று வாரமாகத் தொடாமல் கிடந்த ரிலீஸ் பிராஞ்சும் கூடவே கிளம்பிப் போய், சர்வரில் மற்றவர்கள் போட்டிருந்த கமிட்டையெல்லாம் தூக்கிவிட்டது. ராத்திரி பதினொன்றரை வரை ஒவ்வொருத்தர் ரெஃப்லாகாக (பிராஞ்ச் முன்பு எங்கெங்கே இருந்தது என்று அவரவர் மெஷினில் கிட் வைக்கும் குறிப்பு) தோண்டினோம். பறக்கும் ரயிலும் போச்சு, மெஸ் சாப்பாடும் போச்சு.

தரமணி ஆந்தை:
பாவம்தான். ஆனால் அது மேட்சிங் செய்த வேலை. கரண்ட் ஒரே ஒரு பிராஞ்சைத்தான் தள்ளும். பழைய பேயைக் காட்டாதீங்க சார்.

வேளச்சேரி பழசு:
சரி, கரண்ட்டையே பேசுவோம். புஷ் பண்ணின பிராஞ்சுக்குப் பெயர் மாற்றி மறுபடி புஷ் அடியுங்கள். சத்தமில்லாமல் சர்வரில் இரண்டாவது பிராஞ்ச் முளைக்கும். ரிவ்யூ செய்கிறவர் பழசையே வெறித்துக்கொண்டிருப்பார். சிம்பிள் என்றால் 'பெயர் ஒத்துவரவில்லை' என்று நிறுத்தும். அப்புறம், கரண்ட் அப்ஸ்ட்ரீமைப் பதிந்து வைக்காது. கிட் புல் அடித்தால் 'எங்கிருந்து இழுக்க?' என்று முழிக்கும்.

நைட்ஷிஃப்ட்:
எதற்கு சண்டை? சிம்பிளை அப்படியே விட்டு, புஷ்.ஆட்டோசெட்டப்ரிமோட்டை 'ட்ரூ' ஆக்குங்கள். 2022இல் கிட் 2.37இல் வந்தது. முதல் புஷ்ஷிலேயே அப்ஸ்ட்ரீமைத் தானே போட்டுக்கொள்ளும்.

தரமணி ஆந்தை:
போட்டேன் ப்ரோ, என் லேப்டாப்பில் ஓடுகிறது. ஆனால் பாதிப் பேரிடம் உபுண்டு 22.04. அதோடு வருவது கிட் 2.34. செட்டிங்கைக் கண்டுகொள்ளவே இல்லை, எரர்கூடக் காட்டவில்லை. தவிர, ஆரிஜின் மெயினிலிருந்து (சர்வரில் உள்ள முதன்மை பிராஞ்ச்) நேராக வெட்டிய பிராஞ்சில் என்னிடமும் அடம் பிடிக்கிறது.

வேளச்சேரி பழசு:
அந்த அடம்தான் நமக்கு வேண்டும்! அப்படி வெட்டினால் மெயினே அப்ஸ்ட்ரீமாக உட்கார்ந்துகொள்ளும். புஷ்.டிஃபால்ட்டில் 'அப்ஸ்ட்ரீம்' மோட் (பெயரைப் பார்க்காமல் அப்ஸ்ட்ரீமுக்கே தள்ளுவது) வைத்திருந்தால் அரைகுறை வேலை நேராக மெயினில் விழுந்திருக்கும்.

தரமணி ஆந்தை:
கரண்ட்டிலும் மெயினில் விழாதே? அதே பெயரில்தானே போகும்.

வேளச்சேரி பழசு:
அது வாஸ்தவம். அந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். இருந்தாலும் என் மெஷினில் சிம்பிள்தான். அது கிடக்கட்டும், ரிலீஸ் பிராஞ்சில் ஃபோர்ஸ் புஷ் விழாதபடி சர்வரில் பூட்டு போட்டிருக்கீங்களா?

தரமணி ஆந்தை:
...இல்லை. இப்போதே போடுகிறேன்.